ஆணி தெரியக் கூடாது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
5 ஜனவரி 2025

அன்புத் தங்கை பிராமிக்கு,

இங்கே நானும் உன் அண்ணி காவேரியும் நலம். உன் அம்மா எழுந்து நடக்கத் தொடங்கினார்களா? பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்தி, இடுப்பு ஒடிந்து கிடக்கிற அம்மாவையும் கவனித்து, நம் வேடக் குழுவுக்குச் செயலாளராகவும் இருப்பது லேசான காரியமில்லை என்று காவேரி தினமும் சொல்கிறாள். "வாலாஜாபாத் என்னா டெல்லிலயா இருக்குது, ஒரு போன் போட்டுப் பேசறதுக்கு?" என்றும் கேட்கிறாள். ஆயுதத்தைப் பற்றிப் போனில் பேசினால் நாம் சண்டை போட்டுக்கொள்கிறோம், அதனால் அந்தப் பேச்சு மட்டும் கடிதத்தில்தான் என்று நாம் செய்துகொண்ட ஏற்பாடு அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

செய்தி இதுதான். பிப்ரவரி பதினைந்தாம் தேதி ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆண்டு விழா. பல்லவர் காலத்துப் படைவீரர்களாக நாம் அணிவகுக்க வேண்டும். பத்து நிமிடம் போலிச் சண்டையும் வேண்டுமாம். இருபத்து மூன்று பேரும் வருகிறார்கள். அபிநயா முன்வரிசையில் கேடயம் பிடிக்கிறாள். காவலர் தேர்வுக்காகத் தினம் காலையில் மைதானத்தில் ஓடுகிற பெண், கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. விமல்ராஜ் ஐந்து புது ஈட்டிகள் செய்கிறான். சவுக்குக் கழி, ஃபைபர் முனை. அவன் கை பட்டால் ஃபைபர் இரும்பாகிவிடுகிறது. சென்னையில் சினிமாவுக்குச் சாமான் செய்யும் பட்டறை ஒன்றில் ஏப்ரல் மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம்தான், ஆனால் அவன் போய்விட்டால் நமக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது உன் கோரிக்கைக்கு வருகிறேன். வேடச் சாமான்களுக்கான நம் அளவேட்டில் புது விதி ஒன்று சேர்க்க வேண்டும், ஒவ்வோர் ஆயுதத்தையும் இழுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, உறுதி தெரிந்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிராமி, அளவேடு எதற்காக இருக்கிறது? வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் கல்லில் இருக்கிற ஈட்டிக்கும் நம் கையில் இருக்கிற ஈட்டிக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக. ஓரடி தூரத்தில் நின்று பார்த்தாலும் இந்தக் காலத்துச் சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது. அதைப் பார்க்கத்தான் என்னைச் சோதகராக வைத்திருக்கிறீர்கள். நான் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் தப்பினால் புடவையில் அன்னத்தின் கழுத்து ஒடிந்துவிடும். அந்தக் கண்தான் எனக்கு இருக்கிறது. உறுதியைச் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு இதற்கு ஒரு விதி போட்டால், நாளைக்கு முனையில் ஸ்பாஞ்சு ஒட்டு, நுனியில் சிவப்புப் பெயிண்ட் அடி என்பீர்கள். அப்புறம் நமக்கும் மாறுவேடப் போட்டிக் குழந்தைகளுக்கும் என்ன வித்தியாசம்?

கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு அம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டு ஒரு நாள் வந்து போ.

அன்புடன்,
உன் அண்ணன் குமரகுரு


வாலாஜாபாத்
12 ஜனவரி 2025

அன்புள்ள குரு அண்ணாவுக்கு,

வணக்கம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வரை போய் வருகிறாள். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குப் பொறுப்பதில்லை. "ஜைனர் வூட்டுப் பொண்ணு ஈட்டி கத்தின்னு எழுதிக்கினு கெடக்குது, நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க" என்கிறாள். அது நிஜ ஈட்டி இல்லையம்மா என்றால், "குத்தினா வலிக்காதா?" என்று கேட்கிறாள்.

அண்ணா, போன வருஷம் பயிற்சியில் ஒரு வாளின் அலகு பிடியிலிருந்து கழன்று பறந்து போய் விழுந்ததே, மறந்துவிட்டீர்களா? ஒரு குழந்தையின் காலடியில் விழுந்தது. நாம் எல்லோரும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டோம். கல்லில் இருக்கிற ஈட்டி யார் மேலும் விழாது. நம் ஈட்டி விழும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆனால் உங்களிடம் வாதாடி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? ஏப்ரல் பொதுக்குழுவில் வைத்துக்கொள்வோம். அதுவரை பழைய அளவேடே இருக்கட்டும்.

விழாவுக்கு நான் வருவது சந்தேகம். அன்றைக்கு அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டும். காவேரி அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
பிராமி


வாலாஜாபாத்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அபிநயாவுக்கு விழாச் சண்டையில் அடிபட்ட வலது கண்ணில் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா என்னிடம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். "மேடம், ஈட்டி வந்து கேடயத்துல பட்டுச்சு. கழி நின்னுடுச்சு. மொன மட்டும் கழண்டு கேடயத்துக்கு மேல வந்துச்சு. நான் பாத்தேன், ஆனா தலைய திருப்ப நேரம் இல்ல" என்றாள். பிறகு, ஒற்றைக் கண் இருந்தால் காவலர் தேர்வில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். எனக்குத் தெரியும், எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வருகிற வழியில் நம் சாமான் அறைக்குப் போய் அந்த ஈட்டியைப் பார்த்தேன். முனையையும் கழியையும் சேர்த்துக் குறுக்கே ஆணி அடித்த துளை இருக்கிறது. ஆணி இல்லை. துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து மேலே சாயம் பூசியிருக்கிறது. வெறும் பசையில்தான் முனை நின்றிருக்கிறது.

விமல்ராஜைக் கேட்டேன். "சார்தான் கழட்டச் சொன்னாரு" என்கிறான்.

போனில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் நீங்கள் ஆஸ்பத்திரிப் பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்கள் அந்த ஈட்டியைப் பார்த்து அனுமதித்தபோது ஆணி இருந்ததா, இல்லையா? குழுவின் விசாரணை அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். போலீசும் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள்
பிராமி


பிள்ளையார்பாளையம்
23 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை பிராமிக்கு,

எட்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகம்தான். நீ கேட்டது நியாயம். போனில் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் துக்கமே தவிர வேறில்லை.

ஆணி இருந்தது. விழா அன்று காலை ஐந்து ஈட்டிகளையும் என் வீட்டில்தான் பார்த்தேன். பிடியில் சுற்றிய நூலின் நிறம் சரியில்லை என்று இரண்டு ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொன்னேன். ஆணியின் தலை லேசாகத் தெரிந்தது, அதன் மேல் சாயம் பூசிக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவன்தான் போட்டோவில் நன்றாக வர வேண்டும் என்று பிறகு கழற்றியிருக்க வேண்டும். சின்னப் பையன், பயத்தில் என் பெயரைச் சொல்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என்னை உனக்கு இருபது வருஷமாகத் தெரியும். இதற்கு மேல் நான் என்ன எழுத?

உன் அண்ணன்,
குமரகுரு


வாலாஜாபாத்
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். "சோதகர் அனுமதித்தபோது ஆணி இருந்தது. பின்னர் செய்தவர் தாமாக அதை நீக்கினார்." இந்த இரண்டு வரிதான் அதில் முக்கியம். விமல்ராஜைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று. கவனக்குறைவால் கொடுங்காயம் என்று போலீஸ் அவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. வழக்கு இருப்பது தெரிந்து சென்னைப் பட்டறைக்காரர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே வந்தான். நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே வா என்று சொல்லவில்லை. சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. "மேடம், நான் ஆணி இல்லாம செய்யறவனா? பத்து ஈட்டி செஞ்சிருக்கேன், பத்துலயும் ஆணி இருக்குது, போய்ப் பாருங்க. இந்த அஞ்சுல மட்டும் ஏன் கழட்டப் போறேன்?" என்றான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

அண்ணா, நான் போய்ப் பார்த்தேன். பழைய பத்து ஈட்டிகளிலும் ஆணி இருக்கிறது. புது ஐந்திலும் இல்லை. ஐந்தையும் அவன் கழற்றினானா? நீங்கள் பார்த்ததற்கும் விழாவுக்குப் புறப்பட்டதற்கும் நடுவில் இருந்த அரை மணி நேரத்திலா? பசை காய்வதற்கே அது போதாதே.

என் கணவர் இறந்தபோது நீங்களும் அண்ணியும் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காமல் தனியாகச் சமைத்து, பொழுது சாயும் முன்னே நாற்பது நாள் பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்தீர்கள். அப்படிப்பட்ட மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு முறை கேட்கிறேன். ஆணி இருந்ததா?

பிராமி


பிள்ளையார்பாளையம்
30 மார்ச் 2025

பிராமிக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு தடவை எழுதியாயிற்று. அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன அர்த்தம்? நான் குற்றவாளிக் கூண்டிலா நிற்கிறேன்?

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பங்குனி உத்திரம் வருகிறது, கோயில் பக்கம் இப்போதே கூட்டம் நெரிகிறது. காவேரி உனக்காக வடாம் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

குமரகுரு


பிள்ளையார்பாளையம்
17 ஜூன் 2025

அன்புத் தங்கை பிராமிக்கு,

இரண்டரை மாதமாக நீ எழுதவில்லை. வடாத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாய். இதையாவது கடைசி வரை படி.

போன வாரம் அபிநயா என் வீட்டுக்கு வந்தாள். குழுவின் உடுப்பைத் துவைத்து, மடித்து, பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். காவேரி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை ஸ்டூல் மேல் வைத்தாள். வைத்ததாக நினைத்தாள். ஸ்டூல் ஒரு சாண் தள்ளி இருந்தது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. "தூரம் சரியா தெரியலங்க, பழகிடும்னு டாக்டர் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தடவி எடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், எங்க வூட்ல உங்க மேல யாருக்கும் கோவம் இல்ல. நீங்க கரெக்டாதான் செக் பண்ணிக் குடுத்தீங்கன்னு பிராமி மேடம் எழுதியிருக்காங்க. எங்கப்பா படிச்சுக் காமிச்சாரு" என்றாள்.

பிராமி, ஆணியைக் கழற்றச் சொன்னது நான்தான்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அவன் ஐந்து ஈட்டியையும் கொண்டு வந்தான். ஐந்திலும் ஆணி இருந்தது. நான்தான் கல்லில் ஆணி இல்லை என்றேன். "சார், ஆணி இல்லன்னா நிக்காது சார்" என்றான். "ஆணி தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். அவன் கழற்றி, துளையை அடைத்து, பூசிக் கொண்டு வந்தான். விழா அன்று காலையில் நான் நூலின் நிறத்தைப் பார்த்தேன். முனையின் வளைவை அட்டை வைத்து அளந்தேன். ஒன்றைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை இழுத்திருந்தால் முனை கையோடு வந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா, "யாரு செக் பண்ணது?" என்று கேட்டார். "நான் பாத்தப்ப ஆணி இருந்துச்சு" என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு உனக்கு எழுதியது யோசித்து எழுதியதுதான். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். இது வெளியே போனால் இந்த ஊரில் எனக்கு யாரும் டிசைன் வேலை தர மாட்டார்கள். காவேரிக்கு இன்னும் தெரியாது. நீ சொன்னால் போகிறேன். நீ இப்படியே இருக்கட்டும் என்றாலும் சரி.

உன் அண்ணன்,
குமரகுரு


வாலாஜாபாத்
22 ஜூன் 2025

குரு அண்ணாவுக்கு,

படித்தேன். கடைசி வரை படித்தேன்.

இப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் என் கையெழுத்தை வாங்கினீர்கள். இதற்கும் என் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். தர மாட்டேன்.

போலீஸுக்குப் போங்கள். விமல்ராஜிடம் போங்கள். அபிநயா வீட்டுக்குப் போங்கள். அண்ணியிடம் முதலில் சொல்லுங்கள். ஜூலை முடியும் வரை காத்திருப்பேன். அதற்குள் நீங்கள் போகவில்லையென்றால், உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் போவேன்.

என் தவறையும் நான் எழுதிக்கொடுக்கப் போகிறேன். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜனவரியில் விட்டது நான். அவன் வாசலில் நின்றபோது உள்ளே கூப்பிடாததும் நான்.

பிராமி


பிள்ளையார்பாளையம்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிராமிக்கு,

போய் வந்தேன். எல்லா இடத்துக்கும் போய் வந்தேன்.

முதலில் காவேரியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. "அந்தப் பொண்ணு குடிச்ச டம்ளர நான்தான் எடுத்துக் கழுவினேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று தடவை உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். அவர்கள் முறையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் விமல்ராஜின் பெயரை எடுக்க முடியாதாம். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்விட்டது. "ஆணி இல்லாம செஞ்சு குடுத்தது அவந்தானே? நீ கழட்டச் சொன்னது தனி. உன் பேரையும் சேத்துக் குடுக்கறோம், மீதிய கோர்ட்டு பாத்துக்கும்" என்றார் அதிகாரி. நான் போனதில் அவன் வழக்கிலிருந்து இறங்கவில்லை. நான் ஏறினேன், அவ்வளவுதான்.

விமல்ராஜ் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் லோடு ஏற்றுகிறான். மதியம் வெளியே வரும் வரை நின்றேன். அவன் கையெல்லாம் கீறல். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"சார், கழட்டும்போதே எனக்குத் தெரியும் சார், நிக்காதுன்னு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு கழட்டினேன். அதுதான் என் தப்பு. அத உங்களால வாங்கிக்க முடியாது" என்றான். பட்டறைக்காரர்களிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். "எனக்கும் இப்ப ஃபைபர தொடத் தோணல. விடுங்க. லோடு நிக்குது, நான் போணும்" என்று போய்விட்டான்.

அபிநயாவின் அப்பா வாசலில் நின்று நான் பேசியதை முழுக்கக் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். உள்ளேயிருந்து அபிநயாவின் குரல்தான் வந்தது. "அப்பா, கதவ சாத்துப்பா." அவர் சாத்தினார்.

இரண்டு கடைக்காரர்கள் எனக்குக் கொடுத்திருந்த டிசைன் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். இதனால் யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீ ஒரு வரி எழுதினால் எனக்குப் போதும்.

குமரகுரு


வாலாஜாபாத்
8 செப்டம்பர் 2025

குமரகுரு அவர்களுக்கு,

குழுவைக் கலைத்தாயிற்று. பழைய அறிக்கை தவறு என்றும், சரியாக விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்றும் எழுதி இருபத்து மூன்று பேருக்கும், போலீஸுக்கும், அபிநயா வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன் என்று இனி சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உண்மை எது என்று விசாரித்து எழுத வேண்டிய ஒரே ஒரு இடத்தில், தெரிந்தவர் சொன்னார் என்று எழுதினேன்.

ஒரகடத்துக்கு நானும் போனேன். விமல்ராஜ் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடித்து முடிப்பதற்குள் லோடு ஏற்றப் போய்விட்டான். அபிநயா என்னை உள்ளே விட்டாள். மன்னித்துவிடு என்றேன். தலையை அசைத்தாள். சரி என்று அசைத்தாளா, வேண்டாம் என்று அசைத்தாளா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் பத்து நாள் நோன்பு நேற்று முன்தினம் முடிந்தது. அது முடிந்த பின் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதும், எல்லோரையும் மன்னித்தேன் என்று சொல்வதும் எங்கள் வழக்கம். ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள், சண்டை போட்டவர்கள், சண்டை போடாதவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும். இன்று காலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லி வந்தேன். காவேரி அண்ணியைச் சொன்னேன். அடுத்தது நீங்கள். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்து ஆட்களின் பெயர்களுக்குப் போய்விட்டேன்.

பொய்யாகச் சொல்லி முடித்திருக்கலாம். அப்படி ஒரு கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கிறேன், அது போதும்.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இவ்வளவு எழுதிவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

எல்லாப் பெயரும் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள், "இன்னும் யாராச்சும் விட்டுப்போச்சாம்மா?"

"இல்லம்மா" என்றேன்.

பிராமி